ஆங்கிலச் சொற்களின் கடைசியில் வரும் 'லெஸ்' என்றால் குறைவு என்றா பொருள்?

இல்லை. கேர்லெஸ், ஹோம்லெஸ், ஒயர்லெஸ் இதிலெல்லாம் வாலில் ஒட்டியிருக்கும் லெஸ்ஸுக்கு 'இல்லாத' என்றுதான் பொருள். பழைய ஆங்கிலத்தில் 'லேயாஸ்' என்று தனியாக ஒரு சொல் இருந்தது, 'விடுபட்ட, இல்லாத' என்று அர்த்தம், இன்றைய 'லூஸ்' அதற்குச் சொந்தக்காரச் சொல்தான். அது பெயர்ச்சொல்லோடு ஒட்டி ஒட்டி, ஒலி தேய்ந்து லெஸ் ஆனது. குறைவைச் சொல்லும் லெஸ்ஸுக்கு வேர் வேறு, கடைசியில் எழுத்து மட்டும் ஒன்றாகிவிட்டது.

நாகர்கோவிலில் போன்லெஸ் சிக்கன் வாங்கி, வாயில் ஒரு எலும்பு கடிபட்டால், சரி, குறைவாகத்தானே இருக்கிறது என்று யாராவது விட்டுவிடுவார்களா? குளச்சல் மீனைச் சமைத்து 'முள்ளில்லாத துண்டு' என்று பிள்ளைக்கு எடுத்து வைக்கிறோமே, அந்த 'இல்லாத' செய்வதும் இதே வேலைதான்.

அப்புறம் ஒன்று, பிரைஸ்லெஸ் என்றால் மலிவானது என்று நினைக்காதீர்கள், விலையே போட முடியாதது.