வேலையை விட்டுவிட்டு ஜப்பானிய மொழி படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எட்டு மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ஆரம்ப நிலையான என்5 தேர்வை வீட்டிலிருந்தே படித்துத் தேறிவிட்டேன். வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரமாகப் படித்து மொழிபெயர்ப்பாளர் ஆக ஆசை. சேமிப்பில் வீட்டுச் செலவு, கட்டணத்துக்குத் தனிநபர் கடன் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிதானா?

பதில்: வேலைக்குப் போய்க்கொண்டே என்5 தேறியிருக்கிறீர்கள். உங்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கு உதைக்கிறது, அதுவும் பணத்தில் அல்ல, நேரத்தில்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும்போது, ஜப்பானிய மொழிக்கு 88 வாரம், சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அதாவது வாரத்துக்கு 25 மணி நேரம். அதே வேகத்தில் நீங்கள் ஓராண்டு விடாமல் படித்தாலும் 1,300 மணி நேரம்தான் சேரும். அது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு என்பது உண்மை. தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. 'பள்ளிக்குப் போனேன்' என்பதை 'கக்கோ நி இகிமாஷித்தா' என்று அதே வரிசையில் சொல்லிவிடலாம். 'நி' நம் 'கு' உருபின் வேலையைச் செய்கிறது, வினை கடைசியில் வருகிறது. இலக்கணம் நமக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆனால் சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த எழுத்துகளான 'காஞ்சி'யில், அன்றாடப் பயன்பாட்டுக்கென்று வகுத்தவையே 2,136. அதில் தமிழருக்குச் சலுகை கிடையாது.

ஆக, ஓராண்டு முடியும்போது சேமிப்பு கரைந்திருக்கும், கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும், மொழி பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் பலர் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டு மொழியையே கைவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பு வருமானத்தையும் பாருங்கள். தனியாகச் செய்பவர்களுக்குச் சொல் கணக்கிலோ எழுத்துக் கணக்கிலோதான் கூலி. பில் அனுப்பி ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துத்தான் பணம் வரும். இப்போது இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலைகள் பெருகிவிட்டன. அவற்றுக்குக் கூலி குறைவு. பொதுவான மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி இறங்குவது கையைக் கடிக்கும்.

உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு அனுபவம்தான். நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனது எனக்கு வருத்தமாக இருந்தது. இருப்புநிலைக் குறிப்புக்கு ஜப்பானிய மொழியில் 'தைஷாகு தைஷோஹியோ' என்று பெயர். முதல் இரண்டு எழுத்துகளின் பொருள் என்ன தெரியுமா? கொடுக்கல், வாங்கல். மொழி மட்டும் படித்தவர் இதை மனப்பாடம் செய்ய வேண்டும். உங்களுக்குப் பார்த்ததுமே விளங்கும். ஜப்பானியத் தாய் நிறுவனத்துக்கு மாதாந்திரக் கணக்கு அனுப்பும் பிரிவு, தணிக்கை நிறுவனம், ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் பிரிவு போன்ற இடங்களில் இரண்டும் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. மருத்துவம், சட்டம், மென்பொருள் படித்தவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: ஏற்கெனவே தெரிந்த தொழிலின் மேல் மொழியை ஏற்றுங்கள்.

பணத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். எட்டு மாதச் சேமிப்பில் ஆறு மாதத்துக்கானது அவசரகால நிதி. அதைத் தொடவே கூடாது. மீதி இரண்டு மாதத் தொகை மொழிக்கு. வகுப்புக் கட்டணம் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகவே பணம் கட்டுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், தள்ளுபடி என்றதும் ஒரு பயிற்சி நிலையத்தில் எல்லா நிலைகளுக்கும் மொத்தமாகக் கட்டிவிட்டார். இரண்டாம் நிலையில் பணி மாற்றம் வந்து வகுப்பு நின்றது. நான்காக மடித்த ரசீதை என் மேசையில் விரித்து வைத்தார். 'கட்டிய தொகை திருப்பித் தரப்படமாட்டாது' என்ற வரி அடியில் பொடி எழுத்தில் இருந்தது. கட்டும்போது அதை அவர் படிக்கவே இல்லை.

வேலையில் இருந்துகொண்டே வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால் மூன்று ஆண்டில் சுமார் 1,500 மணி நேரம் சேரும். என்5-இல் தொடங்கி என்1 வரை ஏறும் ஐந்து நிலைகளில், இலக்கு என்2 ஆக இருக்கட்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்பது அந்த நிலையைத்தான். ஆனால் இந்த நிலைகளுக்கான ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சும் எழுத்தும் கிடையாது; சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்பு மட்டும்தான். சான்றிதழோடு போய் நேர்காணலில் வாயடைத்து நிற்பவர்கள் உண்டு. அதனால் மொழிக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைப் பேச்சுப் பயிற்சிக்கே வையுங்கள். என்2 நெருங்கும்போது, ஜப்பான் வணிகத் தொழில் சபை நடத்தும் கணக்குப்பதிவுத் தேர்வின் பாடப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். உங்கள் துறையின் சொற்கள் எல்லாம் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பு ஆசையையும் விட வேண்டாம். என்2க்குப் பிறகு நிதி அறிக்கைகளை மட்டும் பகுதிநேரமாக எடுத்துச் செய்யுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வருமானம் தொடர்ந்து ஓராண்டு உங்கள் வீட்டுச் செலவை ஈடுகட்டினால், அப்போது ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம்.

ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சில இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறைதான். அடுத்து வருவதில் என்4 எழுதப் பதிவு செய்யுங்கள். கட்டணத்தை இந்த மாதச் சம்பளத்திலிருந்தே கட்டுங்கள்.