மூச்சு இழுக்கும்போது வரும் சத்தம் எல்லாம் சளி இல்லை

கேள்வி: டாக்டர், எனக்கு முதல் குழந்தை, பெண். பிறந்து ஏழு வாரம் ஆகிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் சுகப்பிரசவம், பிறந்தபோது எடை 2.8 கிலோ, போன வாரம் 3.6 கிலோ. மூன்றாவது வாரத்திலிருந்து மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘கர்ர்... கீ’ என்று சத்தம் வருகிறது. மல்லாக்கப் படுக்கவைத்தாலோ அழுதாலோ பால் குடித்தாலோ அதிகம், தோளில் போட்டால் குறைகிறது. சில சமயம் புரையேறுகிறது. பக்கத்து கிளினிக்கில் சளி என்று மருந்து கொடுத்தார்கள், நெபுலைசரும் வைத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. தொக்கம் எடுக்கலாம், மூக்கில் எண்ணெய் விடலாம் என்கிறார் மாமியார். என் நாத்தனார் பையனுக்கு நாலு வருஷம் முன்பு உணவுக்குழாய் மூடியபடி பிறந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள், அவனுக்கு இன்னும் குரைப்பது போல இருமல் இருக்கிறது. என் மகளுக்கும் அதே குறைதானா? சளி இருக்கிறதே என்று ஆறு வாரத் தடுப்பூசியையும் தள்ளிப்போட்டிருக்கிறோம்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சரி, உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாத்தனார் பையனுக்கு இருந்த குறை உங்கள் மகளுக்கு இல்லை. உணவுக்குழாய் மூடியபடி பிறந்த குழந்தை ஏழு வாரம் தாய்ப்பால் குடித்து 800 கிராம் எடை கூடியிருக்க முடியாது.

கருவில் நாலாவது வாரம்வரை மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் ஒரே குழாய்தான், அதன் பிறகுதான் முன்பக்கம் மூச்சுக்கு, பின்பக்கம் உணவுக்கு என்று இரண்டாகப் பிரிகிறது. பிரிவது சரியாக நடக்காவிட்டால் உணவுக்குழாயின் மேல்பாதி ஒரு பையாக மூடிப்போகும், கீழ்ப்பாதி போய் மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும், இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் 100க்கு 85 பேருக்கு இப்படித்தான் இருக்கும். பிறந்த சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். விழுங்க வழியில்லாத எச்சில் வாயில் நுரை நுரையாக வரும், முதல் பாலிலேயே புரையேறி உடம்பு நீலமாகும், மூக்கு வழியாக விடும் ட்யூப் சுமார் 10 சென்டிமீட்டரில் முட்டி நின்றுவிடும். 1941இல் அமெரிக்காவில் கேமரன் ஹெய்ட் என்ற அறுவை மருத்துவர் இரண்டு முனைகளையும் நேரடியாக இணைத்து ஒரு குழந்தையைப் பிழைக்கவைத்தார், அதற்கு முன்பு இப்படிப் பிறந்த குழந்தைகள் கிட்டத்தட்ட எல்லாருமே இறந்துபோனார்கள். இன்று நம் எழும்பூரில் வழக்கமாகச் செய்யும் ஆபரேஷன் இது. கிரகணத்தில் வெளியே வந்தாள், அதைச் சாப்பிட்டாள், இதைச் சாப்பிட்டாள் என்று உங்கள் நாத்தனாரை யாராவது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள், அந்தப் பெண் செய்த எதனாலும் அது வரவில்லை. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை.

இந்தக் குறையிலேயே அரிதான வகை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உணவுக்குழாய் முழுதாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் சின்ன ஓட்டை இருக்கும். அந்தக் குழந்தை ஒவ்வொரு தடவை பால் குடிக்கும்போதும் இருமும், திரும்பத் திரும்ப நிமோனியா வரும், வயிறு காற்றடைத்து உப்பும், மாதக்கணக்கில் கண்டுபிடிக்காமலும் போகும். நீங்கள் ‘சில சமயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் புரையேறுகிறது என்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

இப்போது அந்தச் சத்தம். சளியாக இருந்தால் கரகரவென்று நெஞ்சுக்குள் கேட்கும், இருமினால் மாறும், இரண்டு மூன்று வாரம் ஒரே மாதிரி நிற்காது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் வந்து, மல்லாந்தால் கூடி, குப்புறப் போட்டால் குறைகிற சத்தம் அநேகமாகக் குரல்வளையின் மேல்பகுதி இளசாக இருப்பதால் வருவது, நாங்கள் லாரிங்கோமலேசியா, அதாவது குரல்வளைத் தளர்ச்சி என்போம். மெல்லிய காகித ஸ்ட்ராவில் வேகமாக உறிஞ்சினால் அது உள்பக்கம் ஒட்டிக்கொள்ளுமே, அதுபோலக் குழந்தை மூச்சை இழுக்கும்போது அந்த மெத்தென்ற சதை உள்ளே இழுபட்டு வழியைக் குறுக்குகிறது. கைக்குழந்தைகளுக்கு இப்படிச் சத்தத்தோடு மூச்சு வருவதற்குக் காரணங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் இதுதான். பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும், ஆறு எட்டு மாதம்வரை கூடிக்கொண்டே போகவும் செய்யும் (அடுத்த மாதம் சத்தம் பெரிதானால் உடனே பயந்துவிடாதீர்கள், அதற்காகத்தான் இப்போதே சொல்கிறேன்), அப்புறம் குருத்தெலும்பு கெட்டியாக ஆகத் தானாகக் குறைந்து, ஒன்றரை இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போய்விடும். நெபுலைசர் இதற்குக் கேட்காது, ஆன்டிபயாடிக்கும் கேட்காது. சத்தம் வந்தாலே சளி என்று பிஞ்சுக் குழந்தைக்குப் பாட்டில் பாட்டிலாக மருந்து கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை, இன்னொரு சளி மருந்து வாங்காதீர்கள்.

இந்தப் பத்தியை மட்டும் உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். அம்மா, பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவள் தொண்டை வழி ஏற்கெனவே குறுகலாக இருக்கிறது, தொக்கம் எடுக்கிறவர் அதற்குள் விரலை விட்டால் உள்ளே கீறி வீங்கும், வீங்கினால் இருக்கிற வழியும் அடைபடும். அங்கே எடுக்க எதுவுமே சிக்கியிருக்கவில்லை. மூக்கில் விடும் எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போய் அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும், எண்ணெய் போனால் குழந்தைக்குப் பெரும்பாலும் இருமக்கூட வராது, அதனால் போனதே நமக்குத் தெரியாது. குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவதையும் விட்டுவிடுங்கள், துணியால் தலையைத் துவட்டினாலே போதும்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. எடைதான் எனக்கு முக்கியம். பிறந்ததும் எடை கொஞ்சம் குறையும், பிறந்த எடைக்குக் குழந்தை திரும்பவே பத்து பதினாலு நாள் ஆகும், அங்கிருந்து நாலு வாரத்தில் 800 கிராம் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 28 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் கூடினால் நல்லது என்போம், உங்கள் மகள் நன்றாகவே கூடியிருக்கிறாள். மூச்சுக்காகப் போராடும் குழந்தையால் இப்படி எடை போட முடியாது. வாரம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்துக் குறித்துவையுங்கள்.

அடுத்து, குழந்தை தூங்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் நெஞ்சைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்புக்கு மேலே ஒரு குழி இருக்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே வாங்குகிறதா, விலா எலும்புகளுக்குக் கீழே வயிறு சேரும் இடம் ஒட்டிப்போகிறதா என்று கவனியுங்கள். லேசாக வாங்கினால் மருத்துவரிடம் காட்டினால் போதும், ஆழமாக வாங்கினால் காத்திருக்கக்கூடாது. முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், இரண்டு மாதத்துக்குள் 60ஐத் தொட்டாலும் அதற்கு மேல் போனாலும் வேகம், இரண்டு மாதம் ஆனபிறகு 50.

போனில் வீடியோவும் எடுத்துவையுங்கள். ஓ.பி.யில் மூன்று மணி நேரம் காத்திருந்து டாக்டர் முன்னால் போகும்போது குழந்தை சத்தமே இல்லாமல் தூங்கும், அம்மா சொல்வதை நம்புவதா என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள், அந்தத் தொல்லையே வேண்டாம். ஃபேனையும் டிவியையும் நிறுத்திவிட்டு, வெளியே கன்டெய்னர் லாரி போகாத நேரமாகப் பார்த்து, தூங்கும்போது அரை நிமிடம், பால் குடிக்கும்போது அரை நிமிடம், அழும்போது அரை நிமிடம், முகமும் நெஞ்சும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள்.

அதை எடுத்துக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள், உங்களுக்கு அதுதான் பக்கம். குழந்தைகள் பிரிவில் காட்டி, இ.என்.டி.யில் குரல்வளையை ஸ்கோப் வைத்துப் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள். மூக்கு வழியாக விடும் மெல்லிய வளையும் குழாய் அது, பெரும்பாலும் மயக்கம்கூடக் கொடுக்காமல் உங்கள் மடியிலேயே வைத்துச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். குழந்தை அழும், அழுதால் குரல் நாண்கள் அசைவது நன்றாகத் தெரியும் என்பதால் பரவாயில்லை. குரல்வளைத் தளர்ச்சி என்று உறுதியானாலும் ஆபரேஷன் தேவைப்படுவது 100க்கு 10, 20 பேருக்குத்தான். எடை ஏறாமல் நின்றவர்களும் மூச்சு நின்று நின்று வருகிறவர்களும்தான் அவர்களில் அதிகம்.

ஸ்கோப் எதற்கு என்றால், இதேபோல் சத்தம் தரும் வேறு குறைகளும் உண்டு. அழுகைச் சத்தமே மெலிந்து கம்மிப்போயிருந்தால் குரல் நாண் அசையாமல் இருக்கலாம். தாடையிலோ உதட்டிலோ சிவப்பு மச்சம் போல ஒன்று நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தால் அதே மாதிரி ரத்தக்குழாய்க் கட்டி குரல் நாண்களுக்குக் கீழேயும் இருக்கலாம், அதற்கு ப்ரோப்ரனலால் என்ற மருந்தே நன்றாகக் கேட்கிறது. மூச்சை விடும்போதும் சத்தம் வந்து, விழுங்கவும் சிரமப்பட்டால் பெரிய ரத்தக்குழாய் ஏதாவது மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி நெருக்குகிறதா என்று பார்ப்போம். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை, ஆனாலும் கண்ணால் பார்த்து உறுதிசெய்வதுதான் சரி.

உதடோ நாக்கோ நீலம் பூத்தாலும், மூச்சு சில நொடி நின்று நின்று வந்தாலும், பாலை இரண்டு வாய் குடித்துவிட்டு வியர்த்துச் சோர்ந்து விட்டுவிட்டாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பால் கொடுக்கும்போது தலை நன்றாக உயர்ந்திருக்கட்டும், நடுவில் இரண்டு முறை நிறுத்தி ஏப்பம் விடவைத்துவிட்டு, முடிந்ததும் இருபது நிமிடமாவது தோளில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் குழந்தைகளுக்குப் பால் எதுக்களிப்பது அதிகம், எதுக்களித்து வரும் அமிலம் அந்த இடத்தை இன்னும் வீங்கவைக்கும். குப்புறப் போட்டால் சத்தம் குறைகிறதே என்று தூங்கும்போது குப்புறப் போடாதீர்கள். தூக்கம் மல்லாக்க, தட்டையான படுக்கையில்தான். விழித்திருக்கும்போது உங்கள் மார்மேல் குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் கண் அவள்மேல் இருக்கட்டும். தூளி வேண்டாம், அதில் கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும், சாதாரணக் குழந்தை சமாளித்துவிடும், இவளுக்குக் கஷ்டம். மணலி ஆலைகள் பக்கமிருந்து வரும் காற்று இந்தக் குறையை உண்டாக்கவில்லை, அதை நீங்கள் நிறுத்தவும் முடியாது, ஆனால் வீட்டுக்குள் கொசுவத்திச் சுருளும் சிகரெட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும், அதைச் செய்யுங்கள். வலை கட்டினால் சுருளே தேவையில்லை.

நாத்தனார் பையனின் இருமலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயின் சுவர் தளர்வாகவே இருக்கும், குரைப்பது போன்ற இருமல் அதனால்தான், வருஷக்கணக்கில் இருக்கலாம். இட்லி இறங்குகிறது, சப்பாத்தியோ கறித்துண்டோ நெஞ்சிலேயே நிற்கிறது என்றால் தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கலாம், அதை விரித்துவிட வழி இருக்கிறது. செக்கப்பை விட்டிருந்தால் பழைய சீட்டோடு எழும்பூருக்குத் திரும்பப் போகச் சொல்லுங்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. இந்தச் சத்தம் சளியும் இல்லை, லேசான சளியே இருந்தாலும் ஊசி போடலாம். கக்குவான் இருமலும் நிமோனியாவும் குறுகலான மூச்சுவழி உள்ள குழந்தைக்கு வந்தால் மற்றவர்களைவிட அதிகம் படுத்தும், ஆறு வார ஊசிகள் அவற்றைத் தடுக்கத்தான். காய்ச்சல் இல்லை என்றால் இந்தப் புதன்கிழமையே உங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடுங்கள், அங்கேயே எடையும் பார்த்துக்கொள்ளலாம்.