நா விதை முளைக்காததற்குக் காரணம்

தம்பி, கம்பளையில் பொறுக்கிய நா மரத்து (நாகமரம்) விதைகளை இரண்டு வாரம் வெயிலில் காயவைத்துப் பொலித்தீன் பைகளில் போட்டதாகவும், மூன்று மாதமாகியும் ஒன்றும் தலைகாட்டவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மண்ணிலோ தண்ணீரிலோ பிழையில்லை, அந்த வெயில்தான் காரியத்தைக் கெடுத்தது. பீன்ஸ், மிளகாய் விதை போலக் காயவைத்து எடுத்துவைக்க முடியாத விதை இது. உள்ளே எண்ணெய்ப் பசை நிறைந்த பருப்பு, ஈரம் போனால் செத்துவிடும்.

அடுத்த முறை காய் வெடித்து விழும்போதே போய்ப் பொறுக்குங்கள். கபில நிறத்தில் பளபளவென்று, கையில் கனமாக இருப்பதை எடுங்கள். லேசாக இருந்தாலோ பொடி ஓட்டை தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். அந்தக் கிழமைக்குள்ளேயே ஊன்றிவிட வேண்டும். ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் பை உயரமாக இருக்கட்டும். மேல்மண்ணோடு ஆற்றுமணலும் கூட்டெருவும் கலந்து, விதையைப் படுக்கவைத்து ஒரு விரற்கடை மண் மூடினால் போதும். நிழலில் வையுங்கள். எலிக்குக் கம்பிவலை போடுங்கள்.

தளிர் செக்கச்செவேலென்று தொங்கிக்கொண்டு வரும். வாடிவிட்டது என்று பயந்து தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அதன் இயல்பே அதுதான். 1986இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவித்த மரம், வளர்வது மிக மெதுவாக. அப்புறம், நுவரெலியா அக்கா வீட்டுக்கும் ஒரு கன்று கொடுக்க நினைத்திருந்தீர்களே, அந்தக் குளிருக்கு இது சரிவராது. கம்பளையிலேயே நடுங்கள்.