நகம் வெளுத்தா அழுத்தம் அதிகம்: பூட்டுக் கேள்வி பதில்

சாவியில்லாமல் பூட்டுத் திறக்கும் பொழுதுபோக்கு பற்றிச் சுங்கை சிப்புட் வட்டாரத்தினர் கேட்டவை. பதில் சொல்பவர், தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர்.

கே: அண்ணே, பசார் மாலாம் பூட்டெல்லாம் சட்டுனு திறந்துடுது. அமெரிக்கன் லாக் 1100 தொங்கு பூட்டு மட்டும் கொஞ்சம் திரும்பி அப்படியே நின்னுடுது. பின் எல்லாம் ஏறிட்ட மாதிரிதான் இருக்கு.

ப: ஏறலை தம்பி, ஏமாத்துது. பின்னுங்கிறது பூட்டுக்குள்ள துளையில நிக்கிற சின்ன உலோகக் குச்சி. ஒவ்வொரு துளையிலும் கீழ் பின், மேல் பின், அதுக்கு மேல ஸ்பிரிங். ரெண்டு பின்னும் பிரியுற இடம், சாவி நுழையுற உருளையோட விளிம்புக்கு வந்தாத்தான் வழி. துளைகள் அச்சுப் பிசகாம விழுறதில்லை. அதனால உருளையைத் திருப்பப் பார்த்தா ஒரு நேரத்துல ஒரு பின்தான் இறுகும். அதைத் தேடித் தள்ளுறதுதான் மொத்த வித்தையும்.

உன் பூட்டுல ஸ்பூல் பின் இருக்கு. நூல்கண்டு மாதிரி நடுவுல இடுப்பு ஒடுங்கினது. அந்த இடுப்பு விளிம்புல மாட்டினா உருளை சில டிகிரி திரும்பி நிக்கும். அப்போ இறுகின பின்னை மெதுவா ஏத்து. உருளை பின்னால வரும், உருளையைத் திருப்பப் பிடிச்சிருக்கிற டென்ஷன் கம்பி விரலைத் தள்ளும். விரல் விட்டுக்கொடுக்கணும். முழுசா விட்டா ஏறினதெல்லாம் பொலபொலன்னு விழுந்துடும். வரி வெட்டின பின்னும் அதுல உண்டு. ஒவ்வொரு வரிக்கும் ‘டிக்’குன்னு கேக்கும், அதை நம்பாதே. பின்னைத் தொட்டுப் பார்: துள்ளினா அதை விடு, கல்லா நின்னா அதுதான் அடுத்தது.

கே: விரல் எவ்வளவு அழுத்தணும்?

ப: நகம் வெளுத்தா அதிகம்.

கே: எண்ணெய் விடலாமா?

ப: கிராஃபைட் தூள் போதும். வீட்டுச் செம்பனை எண்ணெய் வேண்டாம், தூசியெல்லாம் ஒட்டிக்கும்.

கே: அம்மா லயத்து வீட்டுச் சாவி தொலைஞ்சுடுச்சு. என் பையன் இதைப் பழகுறான், திறக்கச் சொல்லவா?

ப: வேண்டாம் அக்கா. சொந்தப் பூட்டு, அதுவும் புழக்கத்துல இல்லாத பூட்டு, ரெண்டும் சேர்ந்தாத்தான் கை வைக்கணும். பிக், அதான் பின்னை ஏத்துற கம்பி, அதோட முனை உள்ளேயே ஒடிஞ்சா கதவையே உடைக்கணும். பூட்டுக்காரரைக் கூப்பிடுங்க.

கே: இது திருடன் வேலைதானே, ஐயா?

ப: 1851 லண்டன் பொருட்காட்சி சமயத்துல ஹாப்ஸ்ங்கிற அமெரிக்கர், திறக்கவே முடியாதுன்னு பேர் வாங்கின சப் பூட்டையும் பிராமா பூட்டையும் திறந்து காட்டினார். பிராமாவுக்கு 51 மணி நேரம். ரெண்டும் பின் பூட்டு இல்லை, ஆனா கேள்வி இதேதான். திருடனுக்குத் தெரிஞ்சது வாங்குறவனுக்கும் தெரியட்டும்னார். 51 மணி நேரம் எந்தத் திருடனுக்கு இருக்கு? அவன் கொண்டியை நெம்புவான். ஆனா இந்தச் சாமான்களைப் பையில போட்டுக்கிட்டு ராத்திரி ஊர் சுத்தாதீங்க. போலீஸ்கிட்ட பொழுதுபோக்குன்னு விளக்கிக்கிட்டு நிக்கணும்.

கே: அப்போ 1100-ஐ எங்கிருந்து தொடங்க?

ப: சாவி போட்டுத் திற. வளையம் நின்ன துளைக்குள்ள திருகு இருக்கும், கழட்டினா உருளை வெளியே வரும். ரெண்டு பின் மட்டும் போட்டுப் பழகு, கை படிஞ்சதும் ஒண்ணொண்ணா கூட்டு. பிரிக்கிறப்போ கீழே துணி விரிச்சுக்கோ. ஸ்பிரிங் கட்டிலுக்கு அடியில போனா கிடைக்காது.