லொறிக் கெபினில் மூட்டைப்பூச்சி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கொழும்பில் பூச்சி ஒழிப்பு வேலை செய்து 22 வருடம் ஆகிறது. பேலியகொடை மரக்கறிச் சந்தை லொறிகள், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் பிரைம்மூவர்கள், தனியார் பஸ்கள் எல்லாவற்றுக்குள்ளும் குனிந்து தேடியிருக்கிறேன். வேலை வாகனங்களில் வரும் மூட்டைப்பூச்சி பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

புளூமெண்டால் பக்கம் பிரைம்மூவர் ஓட்டுபவர்: கன்டெய்னருக்கு வரிசையில் நின்றால் கெபினிலேயேதான் தூக்கம். இரண்டு கிழமையாகக் கழுத்து, கையெல்லாம் தடிப்பு. நுளம்பா, மூட்டைப்பூச்சியா?

தடிப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது தம்பி. சிலருக்கு எத்தனை கடித்தாலும் தோலில் ஒன்றும் தெரியாது. கெபினைத்தான் பார்க்க வேண்டும். ஒரு டோர்ச்சும் பழைய ரீலோட் அட்டையும் எடுங்கள். சீற் தையல் ஓரம், படுக்கை மெத்தையின் அடிப்பக்கம், சீற் பெல்ட் உள்ளே போகும் துவாரம், திரைச்சீலை மடிப்பு, கூரைத் துணி ஒட்டியிருக்கும் விளிம்பு, ஆணித் துளைகள், இவற்றில் அட்டையை இழுத்துப் பாருங்கள். பேனா மைப் புள்ளி மாதிரிக் கறுப்புப் பொட்டுகள் இருந்து, ஈரத் துணியால் துடைத்ததும் பழுப்பாகப் பரவினால் அது அதன் எச்சம். கழற்றிய தோலும், ஒரு மில்லிமீற்றர் நீள வெள்ளை முட்டையும் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்.

கண்டுபிடித்தால் இப்படிச் செய்யுங்கள். கெபினில் உள்ள துணி, தலையணை, பை எல்லாவற்றையும் அங்கேயே பொலித்தீன் பைகளில் போட்டு வாய் கட்டுங்கள். கட்டாமல் வீட்டுக்குக் கொண்டு போனால் பூச்சியும் கூடவே வரும். துணிகளை 60 பாகை வெந்நீரில் கழுவுங்கள். டிரையர் உள்ள சலவைக் கடை கிடைத்தால் அதிக சூட்டில் அரை மணி நேரமாவது சுற்ற விடுங்கள். அப்புறம் சீற்றைக் கழற்றி, வக்கியூம் கிளீனரின் ஒடுக்கமான வாயால் தையல் தையலாக உறிஞ்சி, தூசுப் பையை உடனே கட்டி எறியுங்கள்.

அதன் பிறகு ஸ்டீம். அகலமான முனை போட்டு மிக மெதுவாக நகர்த்த வேண்டும். ஓர் அடி தூரத்துக்குப் பத்துப் பதினைந்து செக்கன். வேகமாக அடித்தால் பூச்சி சாகாது, தெறித்து வேறு இடத்துக்குப் போகும். டாஷ்போர்ட், வயரிங், எயார்பேக் பக்கம் ஸ்டீமைக் கொண்டு போகாதீர்கள்.

பத்து முதல் பதினான்கு நாளில் இதே வேலையை மறுபடி செய்யுங்கள். நம் சூட்டில் முட்டை ஆறு முதல் பத்து நாளில் பொரிக்கும். இந்த இரண்டாவது தடவையை விட்டவர்கள்தான் இரண்டு மாதம் கழித்து என்னை மறுபடி கூப்பிடுகிறார்கள்.

வத்தளையிலிருந்து ஒருவர்: எந்த ஸ்பிரே நல்லது?

ஸ்பிரேயை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கடையில் நுளம்புக்கும் கரப்பானுக்கும் விற்கும் டின்களில் பெரும்பாலும் இருப்பது பைரெத்ரொயிட் வகை மருந்து. மூட்டைப்பூச்சி பல நாடுகளில் அதற்குப் பழகிவிட்டது. இங்கே அதிகம் இருப்பது வெப்ப நாட்டு இனம். இலங்கையில் பிடித்த பூச்சிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. அவை பழைய மருந்தான டி.டி.டி.யைத் தாங்குவது அதிலேயே தெரிந்தது. ஸ்பிரே அடித்தால் கண்ணுக்குத் தெரியும் நாலு சாகும், மற்றவை இன்னும் உள்ளே போகும்.

ஒருகொடவத்தையில் லொறி யார்ட் வைத்திருப்பவர்: கண்ணாடியை ஏற்றிவிட்டு நாள் முழுக்க வெயிலில் விட்டால் போதாதா?

கெபின் காற்று 50 பாகையைத் தாண்டும், உண்மை. ஆனால் சீற் பஞ்சின் நடுவும் தரை விரிப்பின் அடியும் அந்தச் சூட்டுக்கு வராது. பூச்சிக்குக் கால் இருக்கிறது, குளிரான பக்கம் நடந்து போய்விடும். ஆய்வுகூடத்தில் 48 பாகையில் வைத்தே முட்டை முழுதாகச் சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. இறைச்சிக்குக் குத்தும் வெப்பமானி ஒன்றைப் பஞ்சுக்குள் குத்திப் பாருங்கள். அங்கே 50 காட்டி இரண்டு மணி நேரம் நின்றால் சரி. மழை மேகம் உள்ள நாளில் வீண்.

தம்புள்ளைக்குப் போய்வரும் சாரதி: அரிசிக்கு வைக்கும் குளிசையை ஒன்று கெபினில் வைத்துக் கதவைப் பூட்டினால் எல்லாம் செத்துவிடும் என்கிறார்கள்.

வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். அது அலுமினியம் பொஸ்பைட். காற்றின் ஈரம் பட்டதும் பொஸ்பீன் வாயு வெளிவரும். மூட்டைப்பூச்சியைக் கொல்லும், உண்மை. அதே கெபினில் படுக்கும் மனிதனையும் கொல்லும். மாற்று மருந்து கிடையாது. முழுதாகக் கரையாத தூள் இருந்தால், காற்றோட்டம் விட்டாயிற்று என்று நினைத்துப் படுத்த பிறகும் வாயு வந்துகொண்டிருக்கும். மணம் வந்தால் எழும்பிவிடலாம் என்று நம்பாதீர்கள், ஆபத்தான அளவிலும் சில வேளை மணக்காது. யாராவது ஏற்கெனவே வைத்திருந்தால் கெபினுக்குள் ஏறாதீர்கள். உள்ளே இருந்தவருக்கு வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: நல்ல ஸ்பிரே ஒன்றின் பெயர் சொல்லுங்கள்.

மேலே வத்தளைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கிராண்ட்பாஸ் லொறி முதலாளி: என் கிளீனர் பையன்தான் கொண்டுவந்தான். ஊத்தைப் பை, ஊத்தைப் போர்வை. நேற்று நிறுத்திவிட்டேன். இப்போது லொறியை என்ன செய்வது?

எந்த ஆதாரத்தில் அவன் என்று முடிவு செய்தீர்கள் ஐயா? மூட்டைப்பூச்சிக்கு ஊத்தையும் சுத்தமும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது இரத்தமும் ஒளிய ஓர் இடுக்கும். யாருடைய பையிலும் வரும். வாங்கிப் போட்ட பழைய சீற்றிலும் வரும்.

அதே முதலாளி: நான் அந்த லொறியில் படுப்பதில்லை. அவன்தானே படுக்கிறான்?

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமியாக இருப்பவரின் தங்கை: படுக்கிறவனைத்தான் கடிக்கும். அதற்காக அவன் கொண்டுவந்தான் என்று ஆகுமா? என் அண்ணன் வேலைக்குச் சேர்ந்த லொறியில் முன்னமே இருந்தது. ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு வந்து, மூன்று பிள்ளைகளையும் கடித்து, கடைசியில் பழி எங்கள் மேல்.

இன்னொரு சாரதி: வெங்காயச் சாக்கில்தான் வருகிறது. ஆட்களைச் சொல்லாதீர்கள்.

சாக்கிலும் வரலாம். ஆனால் அது வெங்காயத்தைத் தின்பதில்லை, ஆள் படுத்த இடத்தில் இருந்த சாக்கு என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். தங்கச்சி சொல்வதுதான் நான் நேரில் திரும்பத் திரும்பக் கண்டது. போன வருடம் நான் பார்த்த ஒரு லொறியில் சீற்றின் அடியில் கழற்றிய தோல்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஐந்து தடவை தோல் கழற்றித்தான் பெரிதாகும், ஒவ்வொரு தடவைக்கும் இரத்தம் குடிக்க வேண்டும். அத்தனை தோல் சேரப் பல மாதம் ஆகியிருக்கும். குற்றம் சாட்டப்பட்ட பொடியன் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு நாள். அதை முதலாளிக்கு டோர்ச் அடித்துக் காட்டினேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். கடித்ததைச் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தால் எந்தப் பொடியனும் வாய் திறக்க மாட்டான். அவன் மறைக்கும் இரண்டு மாதத்தில் பூச்சி உங்கள் மற்ற லொறிகளுக்கும் போய்விடும்.

மட்டக்குளியிலிருந்து: மண்ணெண்ணெய் பூசினால் போகும் என்று என் அப்பா செய்வார்.

நேரே பட்ட பூச்சி சாகும், பஞ்சுக்குள் இருப்பது சாகாது. கெபின் முழுக்க எரியும் பொருளைப் பூசிவிட்டு, உள்ளே சிகரெட் பற்றவைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். மண்ணெண்ணெய், பெற்றோல், தினர், வயலுக்கு அடிக்கும் மருந்து, குளிசை, இவற்றில் எதுவும் ஆள் தூங்கும் இடத்துக்கு வேண்டாம்.

மீன் ஏற்றும் கூலர் லொறிக்காரர்: என் பெட்டிக்குள் போர்வை, தலையணையைப் போட்டு எடுக்கலாமா?

உங்கள் பெட்டி எத்தனை பாகை? ஐஸ்கிரீம் லொறி மாதிரி −18 நிற்குமென்றால் நான்கு நாள் தொடர்ந்து வையுங்கள், நல்ல வழி. பூச்சியும் முட்டையும் சாகும். தடித்த தலையணை என்றால் இன்னும் ஒரு நாள். வெறும் ஐஸ் குளிரில் சாகாது.

தெஹிவளையிலிருந்து: வீட்டில் கரப்பான் தொல்லை.

அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

பஸ் நடத்துநர்: சீற் கவரை மாற்றினால் போதுமா?

போதாது. பழைய கவரை பொலித்தீனில் கட்டி அகற்றி, இரும்புக் குழாய் வாய்களையும் பலகை இடுக்குகளையும் ஸ்டீம் அடித்த பிறகு புதுக் கவரைப் போடுங்கள். குஷன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் கடைக்கும் போய்விடும்.

மருதானையிலிருந்து: ஸ்பிரே பெயர் ஒன்று மட்டும்...

மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால், பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவான, லேபலில் மூட்டைப்பூச்சி என்று எழுதிய மருந்தைப் பயிற்சி பெற்றவர் அடிக்கட்டும். பெயர் சொல்ல மாட்டேன்.

கிராண்ட்பாஸ் முதலாளி: சரி, கோபப்படாதீர்கள். நாளைக்குப் புதுப் பையன் வருகிறான். அவன் பையை எப்படிப் பரிசோதிப்பது?

நாளைக்கு அவனை ஏற்றாதீர்கள். முதலில் லொறியை முடியுங்கள், பிரைம்மூவர் தம்பிக்குச் சொன்ன முறையிலேயே. இரண்டாவது தடவையும் முடியும் வரை யாரும் உள்ளே படுக்க வேண்டாம், இரவுக்கு அவனுக்கு வேறு இடம் பாருங்கள். பையைப் பொலித்தீனுக்குள் வைத்துக் கொடுங்கள். பழைய பொடியன் வீட்டுக்கும் ஒரு கோல் எடுத்து, போர்வையைப் பார்க்கச் சொல்லுங்கள்.