தானியத்தில் இரும்பைக் கூட்டும் மரபியல்: கேள்வி பதில்

நெல், கோதுமை, கம்பு மணிகளில் மரபியல் வழியாக இரும்பைக் கூட்டுவது பற்றிக் கேளுங்கள். ஆய்வக எண்ணைக் காட்டிக் கேட்பவர்கள், எவ்வளவு தீட்டிய அரிசியில் அளந்தது என்பதையும் சேர்த்து எழுதவும். அது இல்லாத எண்ணை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது.

செல்வி: ஃபெரிட்டின்தானே இரும்பைச் சேமிக்கும் புரதம்? அந்த மரபணுவை நெல்லில் சேர்த்தால் போதாதா?

போதாது. ஃபெரிட்டின் ஒரு குதிர். ஒரு மூலக்கூறு சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும். ஆனால் குதிர் பெரிதாக இருந்தால் மட்டும் நெல் வந்து நிறைந்துவிடாது. 1999இல் ஜப்பானியக் குழு ஒன்று சோயா ஃபெரிட்டின் மரபணுவை, மணியில் இயங்கும் குளுட்டெலின் புரோமோட்டரோடு (மரபணு எங்கே இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சுவிட்சு) இணைத்து நெல்லில் செலுத்தியபோது, மணியில் இரும்பு 3 மடங்கு வரை ஏறியது. பிறகு ஃபெரிட்டினை இன்னும் கூட்டிப் பார்த்தார்கள். மணியில் இரும்பு அதற்கேற்ப ஏறவில்லை. இலையில் இருந்தது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆகவே கொண்டுவந்து சேர்க்கும் வேலையையும் கூட்ட வேண்டும். அதைச் செய்வது நிகோட்டியனமைன். இரும்பைப் பிடித்துக்கொண்டு செடிக்குள் நகர்த்தும் சிறு மூலக்கூறு அது. அதை உருவாக்கும் என்ஏஎஸ்2 மரபணுவையும் சோயா ஃபெரிட்டினையும் ஐஆர்64 நெல் ரகத்தில் சேர்த்து, பிலிப்பைன்ஸிலும் கொலம்பியாவிலும் வயலில் நட்டுப் பார்த்த முடிவு 2016இல் வெளியானது: தீட்டிய அரிசியில் இரும்பு 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு), துத்தநாகம் 45 பிபிஎம். சாதாரணத் தீட்டிய அரிசியில் இரும்பு 2 பிபிஎம் அளவுதான். எட்ட வேண்டிய இலக்கு 13.

முத்து: ஒய்எஸ்எல்2 மரபணுவை 35எஸ் புரோமோட்டரில் போட்டோம். மணியில் இரும்பு குறைந்துவிட்டது. ஏன் சார்?

35எஸ் செடி முழுக்க வேலை செய்யும். ஒய்எஸ்எல்2 உருவாக்குவது இரும்பை நகர்த்தும் கடத்திப் புரதம்; வேரிலும் அது பெருகுவதால் இரும்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதே மரபணுவை மணிக்குச் சர்க்கரை ஏற்றும் பாதையில் இயங்கும் எஸ்யூடி1 புரோமோட்டரில் வைத்தபோது, தீட்டிய அரிசியில் 4.4 மடங்கு வரை ஏறியது. மரபணுவை மாற்ற வேண்டாம், புரோமோட்டரை மாற்றுங்கள்.

ராணி: கோதுமைக்கு வழி?

விஐடி2. இரும்பை செல்லின் வெற்றிடக் குமிழுக்குள் தள்ளும் கடத்தி. முளைசூழ்தசையில் (மணியின் மாவுப் பகுதி) மட்டும் இயக்கினால் வெள்ளை மாவில் இரும்பு இரு மடங்காகிறது. இரும்பை உடம்பில் சேரவிடாத ஃபைட்டேட் கூடுவதில்லை.

கதிர்: பாரம்பரியச் சிவப்பரிசியில் 60 பிபிஎம் இருக்கிறதே! மரபணு மாற்றம் எதற்கு?

தீட்டியதா, தீட்டாததா? அலுமினியம் எவ்வளவு?

கதிர்: தீட்டாதது. அலுமினியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறைய உண்டு. மண்ணில் அலுமினியம் ஏராளம், மணிக்குள் மிகக் குறைவு. மாதிரியில் 5 பிபிஎம்மைத் தாண்டினால் தூசியும் சேர்ந்து அளக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எஃகு அரைப்பான் வேண்டாம், அதிலிருந்தே இரும்பு உதிரும். சிர்கோனியா குண்டுகளால் அரையுங்கள். இரும்பில் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது. தீட்டினால் போய்விடும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? மணியைக் குறுக்கே வெட்டி, 2% பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் 2% ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சம அளவு கலந்த கரைசலில் 15 நிமிடம் வையுங்கள். இரும்பு இருக்கும் முளையும் விளிம்பும் நீலமாகும், நடுப்பகுதி வெள்ளையாகவே நிற்கும். நாம் நீலமாக்க வேண்டியது அந்த நடுப்பகுதியைத்தான்.

அன்பு: கதிர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்பில் மரபணு மாற்றம் இல்லாமலே சாதிக்கவில்லையா?

சாதித்தார்கள், மறுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ரகத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்து வந்ததுதான் தனசக்தி என்ற கம்பு ரகம், இரும்பு 71 பிபிஎம். கம்பை முழு மணியாகவே மாவாக்கித் தின்கிறோம், அதன் வகைகளுக்குள் இரும்பில் வேறுபாடும் நிறைய. அங்கே மரபுவழி இனவிருத்தியே சரி. தீட்டிய அரிசியிலோ 8 பிபிஎம்மைத் தாண்டும் ரகம் கிடைப்பதே அரிது. இல்லாத குணத்தைக் கலப்பு செய்து கொண்டுவர முடியாது.

கதிர்: அப்படியானால் தீட்டாமல் உண்ணச் சொல்லலாமே?

சொல்லலாம், நல்லதுதான். ஆனால் தவிட்டில் ஃபைட்டேட்டும் இருக்கிறது. அது இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் விடாது. தவிட்டில் உள்ள இரும்பு முழுவதும் உடம்பில் சேரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

மாலா: ஃபைட்டேட்டையே குறைத்துவிட்டால்?

இதே கேள்வி மூன்றாவது முறை வருகிறது. விதையின் பாஸ்பரஸ் இருப்பே அதுதான். அதிகம் குறைத்தால் முளைப்பும் விளைச்சலும் அடிபடும்.

பாரி: இரும்பு சல்பேட் தெளிக்கலாமா?

உரக் கேள்வி இது. உழவியலாளரிடம் கேளுங்கள்.

தேவி: மண்ணிலிருந்து இரும்பை உள்ளிழுக்கும் கடத்தியான ஐஆர்டி1ஐ வேரில் கூட்டலாமா?

கவனம். அந்தக் கடத்தி காட்மியத்தையும் உள்ளே விடும். மண்ணைச் சோதிக்காமல் தொடாதீர்கள்.

சங்கர்: நாங்கள் உருவாக்கிய நெல் வகை ஒன்றில் இரும்பு 22 பிபிஎம் வந்திருக்கிறது சார்!

எத்தனை சதவீதம் தீட்டியது? அலுமினியம் எவ்வளவு?