மேத்ஸா, மேத்ஸ் லிட்டரசியா?

கேள்வி: அக்கா, என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள். டீச்சரோ, பத்தாவதில் மேத்ஸுக்குப் பதிலாக, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி எடுத்தால் மார்க் நன்றாக வரும் என்கிறார். கதிர் பட்டால் நாளைக்குக் குழந்தை பெறுவதில் சிக்கல் வருமே என்று என் மாமியாருக்குப் பயம். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, மேத்ஸ் லிட்டரசி வேண்டவே வேண்டாம். அதை எடுத்துவிட்டால் ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே எடுக்கும் படிப்புக்குள் நுழைய முடியாது. மேத்ஸ், பிசிகல் சயன்ஸ், லைஃப் சயன்சஸ் மூன்றும் வேண்டும். இப்போதே டியூஷன் வையுங்கள். நம் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (டி.யு.டி.) நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. மெட்ரிக் வருஷத்தில், அதாவது பன்னிரண்டாவதில், சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். படிக்கும்போதே ஆஸ்பத்திரியில் வேலை பழகுவாள். முடித்ததும் ஒரு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு சமூக சேவை. இங்வாவூமா மாதிரி தூரத்து ஊரிலும் போடுவார்கள், அதற்கு உங்கள் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மாமியாரிடம் என் கதையைச் சொல்லுங்கள். என் இரண்டு பிள்ளைகளும் நான் இந்த வேலையில் இருந்தபோது பிறந்தவர்கள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே தலைமை ரேடியோகிராபரிடம் சொன்னேன். கதிருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அறுவை அரங்கு வேலையிலிருந்து உடனே மாற்றிவிட்டார். எக்ஸ்ரே அறையில் படம் எடுக்கும்போது நாம் ஈயத் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்போம். பட்டனை விட்டதும் கதிரும் நின்றுவிடும், அறையில் தங்காது. உடம்பில் எவ்வளவு பட்டது என்று பார்க்க, சட்டையில் குத்திய சின்ன பேட்ஜை அளந்து கணக்கு வைப்பார்கள். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும். அதற்கும் அந்த மேத்ஸ்தான் வேண்டும்!

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவர் போடும் சத்தத்தைத் தாங்கிக்கொண்டு, கை நடுங்காமல் வேலையை முடிக்க வேண்டும். ஒரு தடவை சரியாக எடுக்காவிட்டால் அதே பாட்டியை மறுபடியும் புரட்ட வேண்டும், மறுபடியும் கதிர். நான் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு பாட்டியை மூன்று தடவை புரட்டினேன். அவருக்கு ஜூலு மொழி மட்டும்தான் தெரியும், எனக்கு அது தெரியாது. மூச்சைப் பிடிக்கச் சொல்லக்கூட வாய் வரவில்லை. அன்று சாயங்காலமே கூட வேலை செய்த ஒரு நர்சிடம் ‘டொன்சா உமோயா, பம்பா’ என்று சொல்லிப் பழகினேன். மூச்சை இழுங்கள், பிடியுங்கள் என்று அர்த்தம். மகளை மேத்ஸோடு ஜூலுவும் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஜூலை லீவில் எங்காவது எக்ஸ்ரே பிரிவில் ஒரு நாள் கூட இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வீட்டுக்கு வந்து அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.